அவர் போடாத புளியமுத்து

எங்கள் பள்ளிக்கூடத்தில் அந்த டீச்சருக்குப் 'பொதுக்குழு' என்று பெயர் வைத்தது நான்தான். முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கட்சிக்காரர்கள் எதைக் கேட்டாலும் பொதுக்குழு கூடித்தான் முடிவெடுக்கும் என்பார்களே, அதுபோல இந்த அம்மாவும் நாலு பேரைக் கேட்காமல் வாய் திறக்க மாட்டார். டீயா காப்பியா என்று கேட்டால்கூட, "மத்தவங்க என்ன சொல்றாங்க சார்?" என்பார். எல்லோரும் டீ என்றால் அவருக்கும் டீ. எல்லோரும் காப்பி என்றால் காப்பி. அவருக்கு உண்மையில் எது பிடிக்கும் என்பது, ஆறு வருடம் பக்கத்து மேஜையில் உட்கார்ந்திருந்த எனக்கு இன்றுவரை தெரியாது.

அலங்காநல்லூரைத் தாண்டி உள்ளே போகும் ஒரு ஊரில், எட்டாம் வகுப்புவரை உள்ள அரசுப் பள்ளி அது. நான் பழங்காநத்தத்திலிருந்து மொபெட்டில் போவேன். அவர் மதுரை டவுனுக்குள்ளிருந்து ரெண்டு பஸ் மாறி வருவார். தொண்ணூறுகளின் கடைசி அது. ஒல்லியான ஆள், நாற்பதைத் தாண்டியிருந்தார். வெளிறிப்போன காட்டன் சேலை, மெல்லிய சங்கிலியில் ஒரு சின்னச் சிலுவை, கையில் பச்சை நிற ஒயர்க் கூடை. கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று கேட்க எங்களில் ஒருவருக்கும் தைரியம் இருந்ததில்லை.

அவருடைய ஏழாம் வகுப்பை வாசலில் நின்று பார்த்தால் பாடம் நடக்கிறதா, கல்யாணப் பந்தி நடக்கிறதா என்று சந்தேகம் வந்துவிடும். பிள்ளைகள் நாலு நாலு பேராக முகம் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள். ஆண், பெண், படிக்கிறவன், படிக்காதவன் எல்லாம் கலந்து ஒரு குழு. ஒரு பிள்ளைக்குச் சந்தேகம் வந்தால் நேராக டீச்சரிடம் வரக்கூடாது. "கூட இருக்க மூணு பேரையும் கேட்டியா? கேட்டுட்டு வா" என்று திருப்பி அனுப்பிவிடுவார். கேள்விக்குப் பதில் சொல்ல, பிஸ்கட் டப்பாவுக்குள் கையைவிட்டுச் சீட்டு எடுப்பார். யார் பெயர் வருகிறதோ அவன் குழுவுக்காக எழுந்து சொல்ல வேண்டும். அவன் முழித்தால் நாலு பேரும் உட்கார்ந்து திரும்பப் படிக்க வேண்டும். அதனால் நன்றாகப் படிக்கிற பிள்ளைகள் மக்குப் பிள்ளைகளை விட்டுவிட்டு ஓட முடியாது. ஓடிப் பழகியவன் நான், எனக்கு அதைப் பார்க்க எரிச்சலாகத்தான் இருந்தது.

"பாடம் பூராம் பிள்ளைகளே நடத்திக்கிட்டா நமக்கு எதுக்கு டீச்சர் சம்பளம்?" என்று ஒருநாள் சீண்டினேன்.

"வாயை மூடிக்கிட்டு இருக்கறதுக்கு சார். அதுதான் இதுலயே கஷ்டமான வேலை" என்றார். சிரிக்கவில்லை. நோட்டுத் திருத்துவதை நிறுத்தவும் இல்லை.

அந்த வகுப்பில் பேச்சியம்மாள் என்று ஒரு பெண். வயசுக்கு மீறின உயரம், காதில் வேப்பங்குச்சி. அப்பாவும் அம்மாவும் கரும்பு வெட்டப் போகிறவர்கள். அவள் இருக்கும் குழுவில் யாரும் சீட்டுக்குப் பயப்பட மாட்டார்கள். வாய்ப்பாடே வராத ஒரு பையனுக்கு, அவன் வீட்டு ஆடுகளின் கால்களை எண்ணச் சொல்லி நாலாம் வாய்ப்பாட்டை ஏற்றிவிட்டவள் அவள். ஒரு தடவை ஆய்வுக்கு வந்த அதிகாரி வாசலில் நின்று, "இங்க யாருப்பா டீச்சர்?" என்று கேட்டார். அந்தப் பையன் எழுந்து, "இன்னிக்குப் பேச்சி சார்" என்று கையைக் காட்டிவிட்டான். டீச்சர் அப்போது கடைசிப் பெஞ்சில் பிள்ளைகளோடு பிள்ளையாக உட்கார்ந்திருந்தார். அதிகாரிக்கு முகம் கறுத்துவிட்டது. என்ன வகுப்பு இது என்று டீச்சரைப் பார்த்துக் கத்தினார். "பிள்ளைகளைக் கேளுங்க சார்" என்பதற்கு மேல் அந்த அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. பேச்சிதான் சாக்பீஸை எடுத்துப் பரப்பளவு என்றால் என்ன என்று அந்த ஊர் வயல்களை வைத்து விளக்கினாள். அதிகாரி பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார். அன்றைக்கு எனக்கே பெருமையாக இருந்தது.

ஆனால் பெருமைப்பட முடியாத நாட்களும் உண்டு. ஒருமுறை இரண்டு பையன்கள் மைதானத்தில் கட்டிப் புரண்டார்கள். ஒருவனுக்கு மூக்கிலிருந்து ரத்தம். டீச்சர் பக்கத்தில் நின்றுகொண்டு, "இதை எப்படி நிறுத்தணும்னு அவங்க குழுவே பேசட்டும்" என்று மற்ற பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டிருந்தார். நான் ஓடிப்போய் ஆளுக்கு ஒரு அறை கொடுத்துப் பிரித்துவிட்டேன்.

"நீங்க ஒரு அதட்டுப் போட்டிருந்தா அப்பவே நின்னுருக்கும் டீச்சர்."

"இன்னிக்கு நின்னுரும் சார். நான் லீவு போடுற அன்னிக்கு?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் அந்தப் பையன் சட்டை முழுக்க ரத்தமாக அங்கேயே நின்றிருந்தான், அவனைத் துடைத்துவிடக்கூட அவர் கை உடனே நீளவில்லை. நியாயம் பேசுகிற நேரமா அது என்று எனக்குப் பட்டது. இந்த அம்மாவிடம் ஏதோ ஒன்று இறுகிப்போய்க் கிடக்கிறது என்று முதன்முதலாக அன்றுதான் நினைத்தேன்.

அது என்னவென்று ஒருநாள் அவராகவே சொன்னார். பஸ் வரவில்லை என்று நானும் மொபெட்டை நிறுத்திவிட்டு அவரோடு நிழலில் நின்றிருந்தேன். "எங்க அப்பா மிஷன் ஸ்கூல்ல கிளார்க்கா இருந்தாரு சார்" என்று திடீரென்று ஆரம்பித்தார். "வீட்ல அவரு மட்டும்தான் பேசுவாரு. நான் என்ன படிக்கணும், என்ன வேலைக்குப் போகணும், என்ன கலர்ல சேலை எடுக்கணும், எல்லாம் அவரே சொல்லிருவாரு. எங்க அம்மாவை ஒரு கேள்வி கேட்டு நான் பாத்ததில்ல. கடைசியா ஒரு மாப்பிள்ளையச் சொன்னாரு. அதுக்கு மட்டும் மாட்டேன்னுட்டேன். அன்னைலருந்து அவரு என்கூடப் பேசல. ஒரே வீட்ல, சாகுற வரைக்கும்." பஸ் தூரத்தில் தெரிந்தது. கூடையை எடுத்துக்கொண்டு, "ஒருத்தரு பேசிட்டா மத்தவங்க வாய் கட்டிப்போயிரும் சார். அது எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு ஏறிப் போனார்.

அந்த வருடம் பள்ளிக்கூடத்துக்குக் கொஞ்சம் பணம் வந்தது. ஊர்ப் பெரியவர்களும் பெற்றோரும் ஆசிரியர்களும் சேர்ந்த கல்விக்குழு ஒன்று இருந்தது, அது கூடி எதற்குச் செலவழிப்பது என்று முடிவு பண்ணலாம் என்று உத்தரவு. ஒரே ஒரு வேலைக்குத்தான் காணும். தலைமையாசிரியர் ஓய்வுபெற ஆறு மாதம் இருந்த மனிதர், அவருக்கு எதில் கையெழுத்துப் போடவும் பயம். டீச்சரிடம் தள்ளிவிட்டார். அவருக்கோ தீபாவளி வந்த மாதிரி. ஊர் முழுக்கக் கூடி, பிள்ளைகளும் சேர்ந்து முடிவெடுக்க வேண்டும் என்று வீடு வீடாகப் போய் ஒரு வாரம் அலைந்தார். மூன்று வேலைகள் பட்டியலில் நின்றன. பள்ளியைச் சுற்றிச் சுவர், ஆண்டுவிழாவுக்கு ஒரு மேடை, பெண்பிள்ளைகளுக்குக் கழிப்பறை.

முடிவெடுக்கும் விதத்தையும் அவரே ஏற்பாடு செய்தார். மூன்று வேலைகளுக்கும் மூன்று படம். படத்துக்கு முன்னால் ஒரு பெரிய தேங்காய்ச் சிரட்டை, நிறைந்தால் கொட்டிவைக்கப் பின்னால் ஒரு பானை. ஊரில் வந்திருக்கும் ஒவ்வொருவர் கையிலும், பிள்ளைகள் உட்பட, ஐந்து புளியமுத்து. எது வேண்டுமோ அதில் போடலாம், பிரித்தும் போடலாம். எழுதப் படிக்கத் தெரியாதவரும் பஞ்சாயத்துத் தலைவருக்குச் சமமாகப் போடலாம். எல்லாம் வெட்டவெளியில், புங்க மரத்தடியில், எல்லோர் கண் முன்னாலும் நடக்க வேண்டும். மறைவாகப் போடச் சொன்னால் எண்ணும்போது தலைவர் வீட்டுப் புளியமுத்தும் வந்து கலந்துவிடும் என்று அவர் பயந்தார். அதுவும் நடக்கக்கூடியதுதான்.

அதற்கு முந்தின நாள் மத்தியானம் பேச்சியும் இன்னும் ரெண்டு பெண்களும் ஆசிரியர் அறைக்கு வந்தார்கள். நான் பக்கத்து மேஜையில் பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தேன்.

"டீச்சர், நாளைக்கு நீங்க சொல்லிருங்க டீச்சர்" என்றாள் பேச்சி, தரையைப் பார்த்துக்கொண்டு.

"எதை?"

"அந்த... மூணாவதை. எங்களால அம்புட்டுப் பேருக்கு முன்னாடி போயி அதுல போட முடியாது டீச்சர். எங்க பெரியப்பா எல்லாம் நிப்பாரு. பயலுக வேற சிரிப்பாய்ங்க."

"நான் சொன்னா அது நான் கேட்டதாயிரும்மா. உங்களுக்கு வேணும்னு நீங்கதான் காட்டணும். உங்க கையில அஞ்சு முத்து இருக்கு. அதைவிட வேற என்ன வேணும்?"

மூன்று பேரும் போய்விட்டார்கள். நான் தலையை நிமிர்த்தவில்லை. அது பெண்கள் விஷயம், நாம் ஏன் தலையிட வேண்டும் என்று ஒரு சௌகரியமான எண்ணம். பேப்பரில் மார்க் போட்டுக்கொண்டே இருந்தேன்.

மறுநாள் ஊரே வந்தது. ஆண்கள் முதலில் போனார்கள். பெரும்பாலும் சுவர்தான். ஆடு மாடு உள்ளே வருகிறது, பள்ளி நிலத்தில் பக்கத்துத் தோட்டக்காரர் வேலியை நகர்த்திக்கொண்டே வருகிறார் என்று அவர்களுக்குக் காரணம் இருந்தது. எனக்கும் ஒரு காரணம் இருந்தது. போன மாதம்தான் ஒரு ஆடு என் மொபெட் சீட்டைக் கடித்துக் குதறியிருந்தது. என் ஐந்து முத்தையும் சுவரில் போட்டேன்.

பிறகு பெண்கள். முதலில் எழுந்தவர் ஒரு நடுவயதுக்காரி. நேராகப் போய்க் கழிப்பறைப் படத்துக்கு முன்னால் இருந்த சிரட்டையில் ஒரு முத்தைப் போட்டார். கூட்டத்திலிருந்து அவருடைய கொழுந்தன் சத்தமாகக் கேட்டான்.

"என்ன மதினி, வயித்தால போகுதா?"

மரத்தடி முழுக்கச் சிரித்தது. தலைவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன், அதை மறைத்து என்ன ஆகப்போகிறது. அந்தப் பெண்ணும் சிரித்துக்கொண்டே மிச்சம் நாலு முத்தையும் சுவரில் போட்டுவிட்டுத் திரும்பினார். அதற்குப் பிறகு ஒரு பெண்ணின் கையும் அந்தச் சிரட்டைப் பக்கம் போகவில்லை.

டீச்சர் மரத்தின் மேல் சாய்ந்து நின்றிருந்தார். அவர் கையிலும் ஐந்து முத்து இருந்தது. அதை மூடிய கைக்குள் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தார். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்தக் கொழுந்தனை ஒரு முறை முறைத்திருந்தால்கூடப் போதும். பேச்சியின் முறை வந்தபோது அவள் டீச்சரைத்தான் பார்த்தாள். டீச்சர் பார்வையைத் திருப்பிச் சிரட்டைகளைப் பார்த்தார். பேச்சி போய் ஐந்தையும் சுவரில் போட்டுவிட்டு வேகமாக வந்து உட்கார்ந்துவிட்டாள். பின்னால் வந்த பெண்பிள்ளைகள் எல்லாம் அவள் போட்ட இடத்திலேயே போட்டார்கள். கடைசியில் எண்ணியபோது கழிப்பறைச் சிரட்டையில் அந்த ஒற்றை முத்துதான் கிடந்தது. டீச்சர் தன்னுடையதை எதிலும் போடவில்லை.

அன்று சாயங்காலம் நான் கேட்டுவிட்டேன். "உங்களுக்குத் தெரியும்ல டீச்சர். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"இதுக்கு முந்தின ஸ்கூல்ல சொன்னேன் சார். நான் ஒருத்தியா நின்னு சண்டை போட்டுக் கட்டவச்சேன். கட்டி முடிச்சதும் பூட்டிட்டாங்க. அதிகாரிக வந்தா மட்டும் திறப்பாங்க. நான் மாறுதல்ல வந்தப்ப அதுக்குள்ள எருவட்டி அடுக்கியிருந்தாங்க. ஒருத்தர்கூட ஏன்னு கேக்கல. ஏன்னா அது அவங்க கேட்டது இல்ல, டீச்சரம்மா கேட்டது." மேஜையைப் பூட்டிக்கொண்டே, "இந்த வருஷம் இல்லாட்டி அடுத்த வருஷம் இவங்களே கேப்பாங்க. அப்ப அது நிக்கும்" என்றார்.

சுவரைத் தலைவரின் மச்சான் கட்டினார். கட்டி முடித்த பிறகுதான் ஒரு விஷயம் தெரிந்தது. பள்ளிக்குப் பின்பக்கம் கண்மாய்க்கரை, கரை முழுக்கக் கருவேலங்காடு. பெண்பிள்ளைகள் இடைவேளையில் பின்வழியாக அங்கேதான் போய்வந்துகொண்டிருந்தார்கள். இப்போது பின்பக்கம் சுவர். பின்னாலும் ஒரு கேட் வைத்தால் சுவரே எதற்கு என்று தலைவர் முன்னால் மட்டும்தான் கேட் வைத்திருந்தார். முன்கேட்டைத் திறந்தால் நேர் எதிரே டீக்கடை, பக்கத்தில் பஸ் நிறுத்தம். நாள் முழுக்க அங்கே ஆண்கள் உட்கார்ந்திருப்பார்கள். கண்மாய்க்குப் போக வேண்டுமென்றால் அவர்களைத் தாண்டிச் சுவரைச் சுற்றிப் போக வேண்டும். பையன்களுக்குக் கவலை இல்லை, அவர்களுக்குச் சுவரே போதுமானதாக இருந்தது.

டீச்சர் தலைவரிடம் போனார். குழு கூடட்டும் என்றார் தலைவர். டீச்சர் ஒத்துக்கொண்டார். குழு கூடுவதாக இருந்த மூன்று தடவையும் ஒரு சாவு, ஒரு கல்யாணம், ஒரு கோயில் கொடை என்று தள்ளிப்போனது.

மாசி முடிந்து வெயில் ஏறத் தொடங்கியது. வகுப்பிலிருந்த தண்ணீர்ப் பானை சாயங்காலம்வரை பாதிக்கு மேல் நிறைந்தே இருப்பதைப் பார்த்தேன். இந்த வெயிலில் பிள்ளைகளுக்குத் தாகம் எடுக்கவில்லையா என்று ஒரு நிமிடம் தோன்றியது. அதோடு மறந்துவிட்டேன்.

பேச்சி ஒருநாள் வகுப்பில் சாய்ந்துவிட்டாள். தொட்டால் நெருப்பாகச் சுட்டது. வீட்டுக்கு அனுப்பினோம். உள்ளூரில் ஊசி போட்டார்கள், காய்ச்சல் விட்டுவிட்டு வந்தது. இடுப்பு வலிக்கிறது என்று மட்டும் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள், மற்றதைச் சொல்ல வெட்கம். முகமும் காலும் வீங்கிய பிறகுதான் மதுரைக்குப் பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். சனிக்கிழமை நானும் டீச்சரும் பார்க்கப் போனோம்.

டாக்டர் பேச்சியின் அம்மாவிடம், "இந்தப் பொண்ணு தண்ணியே குடிக்க மாட்டாளா? ஒண்ணுக்கை அடக்கி அடக்கிப் புண்ணாகி, சீழ் ரெண்டு கிட்னிக்கும் ஏறியிருக்கு. ரொம்ப லேட்டா வந்திருக்கீங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"வீட்ல செம்பு செம்பா குடிப்பாளே சாமி" என்றாள் அந்த அம்மா.

டீச்சர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பேச்சியின் கையைப் பிடித்துக்கொண்டார். என்னம்மா ஆச்சு என்று கேட்டார். பேச்சிக்குக் குரல் உள்ளே போயிருந்தது, ஆனாலும் முகத்தில் ஒரு தெளிவு. குழுவுக்காகப் பதில் சொல்ல எழுந்து நிற்கும்போது இருக்குமே, அந்த முகம்.

"நாங்க பெரிய பிள்ளைக பதினோரு பேரும் உக்காந்து பேசுனோம் டீச்சர். காலைல எந்திரிச்சதும் ஒரு டம்ளர். அப்புறம் நாலு மணி அடிக்கிற வரைக்கும் தண்ணி குடிக்கக் கூடாது. சோத்துக்கு மட்டும் ஒரு வாய். ஒருத்திக்கு முடியலைன்னா அவளைத் தனியா விடக் கூடாது, பதினோரு பேரும் சேந்து டீக்கடையைத் தாண்டிப் போகணும்னு வச்சுக்கிட்டோம்."

"எத்தனை தடவ போனீங்க?"

"ஒருதடவகூட இல்ல டீச்சர். எல்லாரையும் இழுத்துக்கிட்டுப் போக யாருக்கு மனசு வரும். எல்லாரும் அடக்கிக்கிட்டோம்." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "நீங்க சொல்லிக்குடுத்த மாதிரியேதான் செஞ்சோம். அம்புட்டுப் பேரையும் கேட்டோம். ஒருத்திகூட மாட்டேன்னு சொல்லல."

டீச்சர் அவள் பக்கம் குனிந்தார். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா."

பேச்சி அவரை ஆச்சரியமாகப் பார்த்தாள். "சொன்னாலும் நீங்க எங்களத்தான டீச்சர் கேப்பீங்க" என்றாள்.

அவள் குத்திக்காட்டவில்லை. பன்னிரண்டு வயசுப் பிள்ளைக்கு அதெல்லாம் தெரியாது. இருப்பதைச் சொன்னாள். எனக்கு அங்கே நிற்க முடியவில்லை, வராந்தாவுக்கு வந்துவிட்டேன். டீச்சர் ரொம்ப நேரம் வெளியே வரவில்லை.

ஆறாம் நாள் பேச்சி இறந்துபோனாள். ஊரில் காய்ச்சல் என்றார்கள், கண்மாய்க்கரையில் எதையோ பார்த்துப் பயந்துவிட்டாள் என்றார்கள், காலம் முடிந்துவிட்டது என்றார்கள். சுவரைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

அடுத்த திங்கட்கிழமை நான் போய்ச் சேர்ந்தபோது பள்ளிக்குப் பின்னால் சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தேன். டீச்சர் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, பள்ளித் தோட்டத்துக் கடப்பாரையால் சுவரைக் குத்திக்கொண்டிருந்தார். அந்த உடம்பில் அவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. சுவரிலும் சிமெண்டைவிட மணல்தான் அதிகம், நாலு குத்துக்கு ஒரு செங்கல் பெயர்ந்து விழுந்தது. கை தோல் உரிந்து கடப்பாரையில் ரத்தம் ஒட்டியிருந்தது. பெண்பிள்ளைகள் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் உதவிக்குப் போகவில்லை, அவரும் கூப்பிடவில்லை. செய்தி போய்த் தலைவர் டீக்கடையிலிருந்து வந்தார்.

"யாரைக் கேட்டு டீச்சர் இடிக்கிறீக?"

"யாரையும் கேக்கல" என்றார் டீச்சர். திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு ஆள் குனிந்து போகும் அளவுக்கு வழி ஆகும்வரை நிறுத்தவும் இல்லை.

ஒரு வாரம் அந்த ஓட்டை இருந்தது. பிள்ளைகள் அந்த வழியாகப் போய்வந்தார்கள். தண்ணீர்ப் பானை மத்தியானமே காலியாகிவிடும், மறுபடி நிரப்ப வேண்டியிருக்கும்.

எட்டாவது நாள் கல்விக்குழு கூடியது. இந்தத் தடவை சாவும் கல்யாணமும் குறுக்கே வரவில்லை. ஊர்க்காரர்களும் வந்து மரத்தடியில் உட்கார்ந்தார்கள். தலைவர் நிதானமாகப் பேசினார். அரசாங்கச் சொத்தை இடித்திருக்கிறார்கள், புகார் கொடுத்தால் டீச்சருக்கு வேலை போய்விடும், நமக்கு அந்தப் பாவம் வேண்டாம். ஓட்டையை அடைத்துவிடுவோம், டீச்சரும் வேறு ஊருக்கு மாறுதல் வாங்கிக்கொண்டு போகட்டும், விஷயத்தை இதோடு விட்டுவிடலாம். "டீச்சர் எப்பவும் சொல்ற மாதிரி எல்லாரையும் கேட்டே செய்வோம். அடைக்கலாம்ங்கிறவங்க கையைத் தூக்குங்கப்பா" என்றார்.

கைகள் உயர்ந்தன. என் கையும் உயர்ந்தது. அவர் வேலையைக் காப்பாற்றத்தான் தூக்குகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதில் பாதி உண்மை. மீதி என்னவென்றால், என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எல்லோரும் தூக்கியிருந்தார்கள்.

"வேணாம்ங்கிறவங்க?"

டீச்சர் எழுந்து நின்று கையைத் தூக்கினார். கட்டுப் போட்ட கை. ஆறு வருடத்தில் அவர் கை தூக்கி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"பிள்ளைகளுக்காகன்னு சொல்லல. நான் எனக்காகக் கேக்குறேன். நானும் காலைலருந்து சாயங்காலம் வரைக்கும் இங்கதான் இருக்கேன். எனக்கு அந்த வழி வேணும்" என்றார். குரல் உடைந்திருந்தது, ஆனால் கடைசி ஆள்வரை கேட்டது.

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். டீச்சர் கையை இறக்கவில்லை. பெண்கள் பக்கத்தில் பேச்சியின் அம்மா உட்கார்ந்திருந்தாள். அவள் கையும் மடியிலிருந்து எழுந்தது. பாதி எழுந்ததும், எதிரே இருந்த கணவனின் அண்ணன் அவளைப் பார்த்தார். அந்தக் கையால் முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு குனிந்துவிட்டாள். தலைவர் ஒன்று என்று எண்ணினார்.

கொத்தனார் தயாராக வந்திருந்தார். மத்தியானச் சோறு போடுவதற்குள் அடைத்துவிட்டார்கள். டீச்சர் அந்த மாதமே மாறுதலாகிப் போனார். போகும்போது என்னிடம் மட்டும், "வாரேன் சார்" என்றார். நான் ஏதாவது சொல்வேன் என்று ஒரு நிமிடம் நின்றார். நான் மொபெட் சீட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். அதற்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை. விசாரிக்கவும் இல்லை, அதற்கு எனக்கு முகம் இல்லை.

ஜூனில் பள்ளி திறந்தபோது பெரிய வகுப்புப் பெண்களில் நாலு பேர் வரவில்லை. வந்தவர்கள், நாலு மணி அடித்ததும் கேட்டைத் தாண்டி ஓடுவார்கள். தெருமுனைக் குழாயில் ஒருத்தி மேல் ஒருத்தி விழுந்து, குனிந்து கையால் ஏந்திக் குடிப்பார்கள். நான் மொபெட்டை உதைத்துக்கொண்டே தினமும் பார்ப்பேன். ஒருநாள் பார்த்துக்கொண்டிருக்க முடியாமல் வண்டியை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் போனேன்.

"ஏம்மா, ஸ்கூல்லயே தண்ணி இருக்குல்ல. அங்கயே குடிக்கலாம்ல?"

கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்று எனக்கு உறைத்தது. பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எல்லோரையும் பார்த்து முடித்த பிறகு, முன்னால் நின்றவள் பதில் சொன்னாள்.

"அங்க இருக்கப்ப தாகமே எடுக்கறதில்ல சார்" என்றாள். அவள் தாடையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.